கல் மாற்றிய மத்தியானம்

பாலிதீன் பைகள் ஆறும் தொட்டித் தண்ணீரின் மேல் ஒன்றையொன்று மெதுவாக இடித்துக்கொண்டு மிதந்தன. விளக்கை அணைத்தாயிற்று, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாயிற்று, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, பைக்குள் இருக்கிற தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அவசரப்பட்டு அவிழ்த்துக் கொட்டினால் மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும். இதெல்லாம் கஜேந்திரனுக்குத் தெரியாததல்ல. ஆனால் சும்மா இருப்பதுதான் இன்றைக்கு அவரால் ஆகாத காரியமாக இருந்தது. தொட்டிக்கு எதிரே தன்னுடைய மரக்கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நாலடித் தொட்டி. உள்ளே இருப்பவை எங்கோ ஆப்பிரிக்காவில் ஏரிப் பாறை இடுக்குகளில் வாழ்கிற சிக்லிட் மீன்கள். பார்க்கத்தான் மஞ்சளும் நீலமுமாக அழகு, குணம் படுமோசம். விரல் நீள உடம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும், இது என் இடம், இதற்குள் எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நிற்கும், பார்த்தால் துடுப்பைக் கிழிக்கும். கண்ணாடிக்கு வெளியே ஒரு மனுஷன் வேளா வேளைக்குத் தீனி போடுகிறான், எல்லாருக்கும்தான் போடுகிறான், அப்புறம் என்னத்துக்கு இந்த அடிதடி என்று அவருக்குப் பல நாள் கோபம் வந்திருக்கிறது. கோபம் வந்து என்ன செய்ய, மீனைக் கூப்பிட்டு வைத்துப் பேசவா முடியும்.

ஹெட்மாஸ்டர் பைகளுக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். நீல உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஆண் மீன். பெயர் வைத்தது சுடர்விழி, அவருடைய மகள், பதினோராம் வகுப்பு. அவள் சின்ன வயதில் படித்த பள்ளியில் அப்படி ஒருத்தர் இருந்தாராம், கையில் பிரம்பே எடுக்காமல் வராந்தாவில் நடந்தாலே வகுப்பு அடங்கிவிடுமாம். இந்த ஹெட்மாஸ்டர் அடக்குவதோடு நிற்கவில்லை. போன மாதம் மட்டும் மூன்று மீன்கள் வாலும் செதிலும் பிய்ந்து ஃபில்டர் மூலையில் ஒடுங்கிச் செத்தன. கஜேந்திரன் ராத்திரி பகலாக வீடியோ பார்த்தார், மீன்காரர்கள் குழுவில் கேட்டார், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். சண்டைக்கார மீனுக்குத் துணையைக் குறைக்காதே, கூட்டு. ஒன்று இரண்டாக விட்டால் புதிதாக வந்ததையே குறி வைத்துத் துரத்திக் கொல்லும், ஆறேழு சேர்த்து ஒரே நேரத்தில் விட்டால் யாரை அடிப்பது என்று தெரியாமல் கோபம் பங்கு போய்விடும். விடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற கல்லையெல்லாம் புரட்டி இடம் மாற்று. பழைய பொந்து இருந்தால்தானே என் இடம் என்ற திமிர். எல்லாருக்கும் எல்லாமே புதுசு என்றால் சண்டைக்குக் காரணமே இல்லை. துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிற மனிதருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, ஒரு லைனில் சுமை ஏறினால் அடுத்த லைனுக்குப் பிரித்து விடுவதுதானே அவர் தினம் செய்கிற வேலை. கொளத்தூர் கடைக்காரன் பையில் ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டே சொன்னான், "செட் ஆயிடும் சார். ஒரு வாரம் கண்டுக்காம விடுங்க, தானா செட் ஆயிடும்." அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான் என்றாலும் கேட்க இதமாக இருந்தது.

காலையில் கல் மாற்றினார். மகள் ட்யூஷனுக்குக் கிளம்பிப் போனதும் வீட்டையும் மாற்றினார். இதை ஒருவரிடம் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவும் இல்லை, ஆனால் தோன்றியபோது இவ்வளவு நாள் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் ரேணுகா வருகிறாள், தன் மகள் மிருதுளாவையும் சாமான்களையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு. போன வாரம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம், இனிமேல் இந்த இரண்டாம் மாடி வீட்டில் நாலு பேர். மனைவி விமலா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாக அவரும் சுடரும் மட்டும் இருந்த வீடு, ஒவ்வொரு மூலையும் யாருக்கு என்று ஊறிப்போன வீடு. அதற்குள் இரண்டு பேர் நுழைந்தால் என்ன ஆகும் என்று மீன் வளர்க்கிறவனுக்குத் தெரியாதா. அதனால் சுடரின் கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார், ஜன்னல் பக்கம் மிருதுளாவுக்கென்று வாங்கிவைத்த சின்னக் கட்டில், பீரோவைத் தரையில் கோணி போட்டு இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார், டிவி இருந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை, சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் செருப்பு அலமாரி, சாமி படங்கள்கூட சமையலறைக்குள் போயின. இடுப்பு பிடித்துக்கொண்டது. வியர்வையில் பனியனைப் பிழிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது தன் வீட்டில் தானே விருந்தாளி மாதிரி இருந்தது, அதுதான் வேண்டும் என்று சந்தோஷப்பட்டார். யாருக்கும் பழைய இடம் இல்லை. யாரும் யாரையும் துரத்த முடியாது.

துரத்துவது யார், ரேணுகா துரத்துகிறவள் அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற பெண், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப்போன இடத்தில்தான் பழக்கம், குத்துவதற்கு முன்னால் குத்தட்டுமா என்று கேட்பாள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கவும் செய்வாள், அந்தக் காத்திருப்பில்தான் அவர் விழுந்தார். மிருதுளாவுக்கு ஒன்பது வயது, வாயாடி. சுடர் மட்டும்தான் பயம். சுடரும் சண்டை போடுகிறவள் அல்ல, அதுவேதான் பயம். விமலாவின் தம்பி தேவராஜ் அரக்கோணத்திலிருந்து வந்து, காபியைக் கையில் வைத்து ஆறவிட்டுக்கொண்டே சொன்னான், "மாமா, நீங்க பண்ணிக்கங்க, நான் வேணாங்கல. உங்களுக்கும் வயசு போவுது. ஆனா புள்ள ஒரு வார்த்த, ஒரே வார்த்த எனக்கு போன் பண்ணிச்சுன்னா கூப்டுகினு பூடுவேன். அப்பறம் நீங்க வந்து நின்னாலும் அனுப்ப மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான், தேவராஜ் அப்படிப்பட்டவன். மகள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நினைக்க ஆரம்பித்தால் ஏர் பம்பின் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு கூடம்தான் கண்ணுக்கு வந்தது. முதல் வாரம் சண்டையில்லாமல் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் பழகிவிடும், அவள் இங்கேயே இருந்துவிடுவாள், அதற்காகத்தானே இத்தனையும்.

கையைத் தொட்டிக்குள் விட்டு ஒரு பையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. சுடரிடம் அவர் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான், சரிப்பா. ரேணுகா என்று ஒருத்தரைத் தெரியும் என்று மென்று முழுங்கிச் சொன்னபோது சரிப்பா. அவங்க இங்க வந்தா உனக்கு ஒத்தாசையா இருக்கும்ல என்றபோது சரிப்பா. பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தாள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தாள், வெளியே வந்து எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது அவளும் சாப்பிட்டாள், மிருதுளாவின் கைவழியாக ஒழுகியதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் மனசு எப்படி நிறைந்தது. ராத்திரி படுத்த பிறகு அதே காட்சி வேறு மாதிரி வந்தது. அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இந்தச் சரிப்பாவை எந்தப் பக்கம் பிடித்துத் திறப்பது. தொட்டியில் சண்டை போடுகிற மீனைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது. நிறம் மங்கி, மேல் மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தீனி போட்டால் கீழே வராமல், யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கிற மீன் ஒன்று எல்லாத் தொட்டியிலும் இருக்கும், அதுதான் அடுத்துச் சாகப்போவது என்று வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், தெரிந்தாலும் கண் என்னவோ சண்டைக்காரன் மேல்தான் போகும். சீ, என்ன நினைப்பு இது. பெற்ற பெண்ணை எதோடு சேர்த்து நினைக்கிறோம். அவள் சரி என்றால் சரிதான். சரி என்கிற வார்த்தைக்கு வேறென்ன அர்த்தம்.

சுடரின் அறையில் இருந்த அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். பழைய பொந்து இருந்த இடத்தில் இப்போது மணல்தான், அதன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு முழித்துக்கொண்டு நின்றான், நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபடியும் அந்தச் சுவர். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆள் ஒருவர் குந்துகிற அளவு இடுக்கு ஒன்று இருந்தது. வீட்டிலேயே போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான், விமலா அங்கே தரையில் உட்கார்ந்துதான் தம்பியிடம் மணிக்கணக்கில் பேசுவாள். சுடர் அங்கே உட்கார்ந்துதான் படிப்பாள், முதுகு சுவரில், பாதம் பீரோவில். இதெல்லாம் அவர் தினம் பார்த்ததுதான், பார்த்ததாகவே இதுவரை தோன்றியதில்லை. பீரோவை இழுத்தபோது சுவரில் இரண்டு எண்ணெய்க் கறைகள். உட்கார்ந்திருக்கிறவர் தலை சாய்க்கிற உயரத்தில் ஒன்று, பளபளவென்று, நேற்றைக்குக்கூடச் சாய்ந்த மாதிரி. அதை ஒட்டினாற்போல் கொஞ்சம் மேலே இன்னொன்று, காய்ந்து பழுப்பாகி, அகலமாக. அழுக்கு என்றுதான் நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார், புது ஆள் வருகிற இடம் இப்படியா இருப்பது என்று சோப்புத்தூளும் தேங்காய் நாரும் எடுத்துவந்து கைக்கு எட்டின மேல் கறையைத்தான் முதலில் தேய்த்தார். பாதி போயிற்று. சுண்ணாம்பும் கொஞ்சம் உதிர்ந்தது. அப்போதுதான் கை நின்றது. சுடர் இன்னும் அவ்வளவு உயரமில்லை. நாலு வருஷமாக அந்த உயரத்தில் இந்த வீட்டில் யாரும் தலை சாய்க்கவில்லை. நாரைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருந்தார் என்று தெரியாது, பிறகு எழுந்து மிருதுளாவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் தலைமாட்டுப் பலகையை அங்கே சேர்த்து முட்டக் கொடுத்தார். வெளியே தெரியவில்லை. எட்டிப் பார்த்தால்தான் தெரியும், யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் வந்தால் எல்லாம் போகத்தான் போகிறது.

போன் அடித்தது. ரேணுகா. டெம்போவின் இரைச்சல், பின்னால் மிருதுளா எதையோ பாடிக்கொண்டிருந்தாள். "கெளம்பிட்டோங்க. பாடி பாலம் தாண்டிட்டோம். ஏங்க, மிது எங்க படுக்கறதுன்னு சுடர்கிட்ட கேட்டீங்களா?"

"எல்லாம் ரெடி பண்ணிட்டேன், நீ வா."

"ரெடி பண்ணத கேக்கலங்க. அவகிட்ட கேட்டீங்களா? அவ ரூமு அது."

கஜேந்திரன் தொட்டியைப் பார்த்தார். பை ஒன்றுக்குள் புது மீன் மூக்கால் பாலிதீனை முட்டிக்கொண்டிருந்தது. "கேட்டேன்," என்றார்.

"என்ன சொன்னா?"

"சரிப்பான்னா."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது பொய் என்பது முழுசாக உறைத்தது. எப்படித் தடுக்காமல் வந்தது பாருங்கள், இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக. பொய்தானா. கேட்டிருந்தால் அவள் அதைத்தானே சொல்லியிருப்பாள். வேறெதையும் அவள் சொல்லி அவர் கேட்டதில்லையே. வரப்போகிற பதிலை முன்னாலேயே சொன்னால் அது பொய்யில் சேருமா என்று ஒரு தடவை சமாதானப்படுத்திக்கொண்டார், சமாதானம் ஆகவில்லை, நாக்கு வறண்டது, எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றால் பானை எங்கே வைத்தோம் என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. காலையில் தானே தூக்கி வைத்த பானை. சமையலறை வாசலில் ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்துவிட்டு, பாட்டிலில் இருந்ததைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கே உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறது. கை வைக்கிற மரம் அவர் முழங்கைக்கென்றே தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

பைகள் பதமாகிவிட்டன. ரப்பர் பேண்டை அவிழ்த்து ஒவ்வொரு பையிலும் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் விட்டார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டம்ளர், பிறகு சின்ன வலையால் மீனை மட்டும் அள்ளி உள்ளே இறக்கினார், கடைத் தண்ணீர் ஒரு சொட்டு தொட்டிக்குள் விழக் கூடாது. ஆறும் இறங்கின. ஹெட்மாஸ்டர் பாய்ந்து வந்தான். முதல் மீனை நோக்கிப் போனான், அதற்குள் இரண்டாவது குறுக்கே போயிற்று, அதன் பின்னால் திரும்பினான், மூன்றாவது எதிரே வந்தது, எதை விரட்டுவது என்று தெரியாமல் நடுத் தண்ணீரில் நின்று வாயைத் திறந்து மூடினான். பலித்துவிட்டது. நிஜமாகவே பலித்துவிட்டது. தொட்டி முழுக்க மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாகக் குழம்பிச் சுற்றின, யாரும் யாரையும் கடிக்கவில்லை, புதுசு எது பழசு எது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பார்த்தாயா விமலா என்று சொல்ல வாயெடுத்து, விமலாவிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்கி, மகள் வரட்டும், அவளிடம் காட்டலாம், அவளே பார்த்துப் புரிந்துகொள்வாள், பெரிய பேச்செல்லாம் தேவையே இருக்காது என்று நினைத்துக்கொண்டார். தொட்டியைக் காட்டிவிட்டு, இதுமாதிரிதான்மா நம்ம வீடும் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது.

சுற்றுகிற கூட்டத்தில் ஒன்று மட்டும் சுற்றவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார். இடது ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, வெறும் மணலுக்கு மேலே ஒரு மஞ்சள் மீன் அசையாமல் நின்றது. மற்ற எல்லாவற்றையும்விட வயசான பெண் மீன், விமலா கூட வந்து கடையில் கை காட்டி இதுதான் வேண்டும் என்று வாங்கியது, சுடர் அதற்குக் கிழங்கு என்று பேர் வைத்திருந்தாள். கிழங்கின் பொந்து இருந்த கல்லைத்தான் காலையில் வலது ஓரத்துக்கு மாற்றினார். கல் அங்கே இருக்கிறது, பொந்தும் அதேதான், திரும்பினால் கண்ணில் படும். கிழங்கு திரும்பவில்லை. கல் இல்லாத இடத்தில், கல் இருந்தால் எந்த உயரத்தில் வாசல் இருக்குமோ அந்த உயரத்தில், தலையை வெளியே வைத்த மாதிரி நின்றது. புது மீன்கள் இடித்துக்கொண்டு போயின, ஒதுங்கிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தது. கல் மாற்றுகிற யோசனையை முதன்முதலில் சொன்னபோது சுடர் கேட்டாள், அவள் சரிப்பா என்று சொல்லாத ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும், "அதுங்களுக்கு முன்ன எங்க இருந்தோம்னு ஞாபகம் இருக்காதாப்பா?" மீனுக்கு ஏதும்மா ஞாபகம் என்று சிரித்தார். ஹெட்மாஸ்டர் இதற்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். வலது ஓரத்தில் கிழங்கின் கல்லுக்குள், முன்னே இருந்ததைவிட நல்ல பொந்தாகப் பார்த்துப் புகுந்துகொண்டு முகத்தை வெளியே நீட்டினான். பக்கத்தில் வந்த ஒரு புது மீனை ஒரு முட்டு முட்டித் துரத்திவிட்டு உள்ளே போனான். அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எழுந்து கட்டிலையாவது பழையபடி தள்ளி வைத்துவிடலாமா, இன்னும் நேரம் இருக்கிறதா, பீரோவைத் தனியாக இழுக்க முடியுமா, இடுப்பு தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கஜேந்திரன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. சுடர் உள்ளே வந்தாள். கூடம் மங்கலாக இருந்தது, விளக்குப் போடாதே, புது மீன் இருக்கு என்று அவர் சொல்வதற்கு முன்னால் அவள் வழக்கம்போல் நாலு எட்டு வைத்துச் செருப்பு அலமாரியில் முட்டிக்கொண்டாள். பார்த்தும்மா என்றார். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு கூடத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், அறைக்குள் போனாள். அவர் எழவில்லை. கட்டில் கால் தரையில் கறகறவென்று இழுபடுகிற சத்தம் வந்தது, சின்னக் கட்டிலின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஏர் பம்ப் மட்டும் இரைந்தது. பிறகு அவள் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது, சிக்னல் அங்கேதான் கிடைக்கும். பிறகு ஜிப் இழுக்கிற சத்தம். கஜேந்திரன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீன்கூட அவர் கண்ணில் படவில்லை.

அவள் வெளியே வந்தபோது ட்யூஷன் பை உப்பியிருந்தது. கண் சிவக்கவில்லை, குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மாமாக்கு போன் பண்ணேன்பா. வில்லிவாக்கத்துலருந்து லோக்கல்ல வரச் சொல்லிச்சு. அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறேன்னிச்சு."

"என்னம்மா... இப்ப என்ன ஆச்சு? அவங்க வர்ற நேரம். ஸ்கூலு?"

"ட்ரெயின்ல வந்துக்கறேன்."

"யாரு என்ன சொன்னா உன்ன? எல்லாருக்கும் புதுசா இருக்கட்டும்னுதாம்மா... யாருக்கும் பழைய எடம்னு ஒண்ணு இல்லன்னா சண்ட வராதுல்ல, சமமா இருக்கும்ல. தொட்டிய பாரேன், எப்பிடி இருக்குதுன்னு பாரேன்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். கண் நேராக இடது ஓரத்துக்குத்தான் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"என்னோடத விட்டுட்டு அம்மாவோடத தேச்சிருக்கப்பா."

"தெரியாமம்மா. அழுக்குன்னு நெனச்சு..."

"தெரியாமதான். எனக்குத் தெரியும்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நீ கேட்டிருந்தா அந்த எடத்த நானே மிதுக்குக் குடுத்திருப்பேன்பா. சொல்லலாம்னுகூட வெச்சிருந்தேன். அங்கதான் காத்து வரும், நீ அங்க படுத்துக்கன்னு." கூடத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள், மேஜை, அலமாரி, பீரோ, டிவி. கடைசியில் பார்வை அவர்மேல் வந்து நின்றது. "எல்லாத்தையும் நகத்தியிருக்க. உன் சேர் மட்டும் அங்கியே இருக்கு."

கஜேந்திரன் குனிந்து பார்த்தார். நாற்காலி அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து மேஜையை அதைச் சுற்றித்தான் இழுத்தார், பீரோவைக்கூட அதில் இடிக்காமல் வளைத்துத்தான் கொண்டுபோனார், ஒரு தடவைகூட அதை நகர்த்த வேண்டும் என்று தோன்றவில்லை. நாற்காலியின் நாலு கால்களும் தரையில் பதித்த பழைய வட்டங்கள் மேல் அச்சாக நின்றன. சுட்டதுபோல் எழுந்தார்.

"நகத்திடறேம்மா. இப்பவே நகத்திடறேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் இருந்து பாரு. எல்லாம் செட் ஆயிடும்."

அந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். நாலு வருஷமாக எதற்கும் தவறாமல் வந்த வார்த்தை, இந்த ஒரு தடவை வந்தால் போதும், பொய்யாக வந்தாலும் போதும். சுடர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்த மாதிரிகூட இருந்தது. அவள் சரிப்பா என்று சொல்லவில்லை.

கீழே டெம்போ வந்து நின்றது. படியில் மிருதுளா தடதடவென்று ஓடிவருகிற சத்தம், ஓடாதடி என்று பின்னால் ரேணுகாவின் குரல். கதவைச் சுடர்தான் திறந்துவிட்டாள். உள்ளே பாய்ந்த சிறுமி இவளைக் கண்டதும் நின்று, கையிலிருந்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்கா, நான் எங்க படுக்கறது?" என்றாள். சுடர் அவள் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "உள்ள ஜன்னல் பக்கம். நல்லா காத்து வரும். சாயங்காலம் கொசு வரும், கதவ சாத்திடு." ரேணுகா இரண்டு கையிலும் பாத்திர மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உப்பிய பையைப் பார்த்தாள். "எங்கம்மா கெளம்பிட்ட?"

"மாமா ஊட்டுக்கு ஆன்ட்டி. வர்றேன்."

படியிறங்குகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. தெருவில் இறங்கிவிட்டதும் கேட்கவில்லை. ரேணுகா மூட்டைகளைக் கீழே வைக்காமலே கூடத்தைப் பார்த்தாள், நடுக்கூடத்தில் நின்ற பீரோவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "கேட்டேன்னு சொன்னீங்களே," என்றாள். கோபமில்லை. ஊசி குத்துவதற்கு முன்னால் கேட்டுவிட்டுக் காத்திருப்பாளே, அதே மாதிரி காத்திருந்தாள்.

கஜேந்திரன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.